வயர்லெஸ் மவுஸ் 'மக்கர்' பண்ணுதா? புதுசு வாங்கும் முன் இதையெல்லாம் செக் பண்ணுங்க!

மாதத்தின் 20-ஆம் தேதி, மாலை ஆறு மணி. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் துணி யூனிட்டின் அலுவலக அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்பவர்களுக்கு அன்றுதான் கடைசி நாள். கணக்கெல்லாம் சரிபார்த்தாயிற்று. கடைசி பட்டனை நோக்கிப் போன அம்புக்குறி, பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணே, மவுஸ் நகரலண்ணே..."

"ரெண்டு தட்டு தட்டிப் பாரு தம்பி!"

தட்டினால் நகர்கிறது. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி நிற்கிறது. நாள் தவறினால், வரி உள்ள ரிட்டர்னுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய், 'நில்' ரிட்டர்னுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவுக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு இனிப்புக் கடையில் பில் போடும் கம்ப்யூட்டர், கண்ணாடி ஷோகேஸ் மேல் இருக்கிறது. புது மவுஸ், புது பேட்டரி. ஆனால் அம்புக்குறி மட்டும் அசையவே மாட்டேன் என்கிறது. அதே ஊரில் இன்னொரு வீடு. பெங்களூரு ஐடி கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் இளைஞர். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை லேப்டாப்பில் செருகும் போதெல்லாம் அவருடைய மவுஸ் தடுமாறுகிறது. கழற்றினால் சரியாகிவிடுகிறது.

இந்த மூன்றும் கற்பனைக் காட்சிகள்தான். ஆனால், வயர்லெஸ் மவுஸ் வைத்திருக்கும் யாருக்கும் இவற்றில் ஒன்றாவது நடந்திருக்கும். மூன்று இடத்திலும் பெரும்பாலானோர் எடுக்கும் முடிவு ஒன்றுதான்: "மவுஸ் போச்சு, புதுசு வாங்கிடலாம்." உண்மையில் மூன்று இடத்திலும் மவுஸ் போகவில்லை. கோளாறு மேஜையில், போர்ட்டில், தூசியில் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க டெக்னீஷியன் தேவையில்லை, சரியான வரிசையில் சோதித்தால் போதும்.

முதலில் வேலையை முடிங்க: மவுஸ் இல்லாமலும் முடியும்

கடைசி நேரத்தில் மவுஸைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கீபோர்டை வைத்தே வேலையை முடித்துவிடலாம்.

எந்த இணையதளப் படிவமாக இருந்தாலும் 'டேப்' கீயை அழுத்தினால் அடுத்த கட்டத்துக்குப் போகும். 'ஷிஃப்ட்'டுடன் சேர்த்து 'டேப்' அழுத்தினால் முந்தைய கட்டத்துக்குத் திரும்பும். டிக் பாக்ஸில் டிக் போட ஸ்பேஸ் பார். பட்டனை அழுத்த 'என்டர்'. கீழே விரியும் பட்டியலில் தேர்ந்தெடுக்க மேல், கீழ் அம்புக்குறி கீகள். ஒரு விண்டோவிலிருந்து இன்னொன்றுக்குப் போக 'ஆல்ட்' மற்றும் 'டேப்'. இவ்வளவுதான்.

இன்னொரு வழியும் விண்டோஸிலேயே இருக்கிறது. வலது பக்கம் எண் கீகள் தனியாக உள்ள கீபோர்டு என்றால், இடது 'ஆல்ட்', இடது 'ஷிஃப்ட்', 'நம் லாக்' மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். 'மவுஸ் கீஸ்' வசதியை ஆன் செய்யலாமா என்று கேட்கும். சரி என்று 'என்டர்' தட்டினால், எண் கீகளே மவுஸாகிவிடும். 8 மேலே, 2 கீழே, 4 இடது, 6 வலது, 5 கிளிக். கொஞ்சம் மெதுவாகத்தான் நகரும். ஆனால் ஒரே ஒரு பட்டனை அழுத்த அது போதும்.

லேப்டாப் என்றால் டச்பேட் இருக்குமே என்பீர்கள். சிலருக்கு அதுவும் வேலை செய்யாது. மவுஸ் இணைத்திருக்கும் போது டச்பேடை அணைத்துவைக்கும் ஒரு செட்டிங் விண்டோஸில் உண்டு. ரிசீவரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், டச்பேட் உயிர்பெறலாம். அப்படியும் வரவில்லை என்றால், கீபோர்டின் மேல்வரிசையில் டச்பேட் படம் போட்ட கீ இருக்கிறதா என்று தேடுங்கள். கை தவறி அதை அழுத்தியிருக்க வாய்ப்பு உண்டு.

மவுஸுக்குள் என்னதான் நடக்கிறது?

எங்கே கோளாறு என்று புரிய, மவுஸ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1964-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பர்ட்டின் யோசனைக்கு, பில் இங்கிலிஷ் உருவம் கொடுத்தார். அது ஒரு மரப்பெட்டி, அடியில் இரண்டு சக்கரம். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் எங்கல்பர்ட் அதை மேடையேற்றிக் காட்டினார். பிறகு சக்கரம் போய் ரப்பர் உருண்டை வந்தது. அதுவும் போய் ஒளி வந்தது. 1991-ல் லாஜிடெக் ரேடியோ அலையில் இயங்கும் மவுஸைக் கொண்டுவர, வயரும் போனது.

இன்றைய மவுஸ் உண்மையில் ஒரு குட்டி கேமரா. அடியில் உள்ள சிறு விளக்கு, மேஜையின் மேற்பரப்பில் வெளிச்சம் அடிக்கிறது. பக்கத்தில் உள்ள சென்சார், அந்த இடத்தை நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை படம் எடுக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் மேஜையின் சொரசொரப்பு எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று கணக்குப் போட்டு, கை எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கண்டுபிடிக்கிறது.

அந்தத் தகவல் ரேடியோ அலையாக, யுஎஸ்பி போர்ட்டில் செருகியிருக்கும் ரிசீவருக்குப் போகிறது. நம்மூரில் பலர் 'டாங்கிள்' என்று சொல்வது அதைத்தான். ப்ளூடூத் மவுஸ் என்றால் ரிசீவரே கிடையாது, லேப்டாப்புக்குள் இருக்கும் ப்ளூடூத் நேரடியாகப் பேசும். இரண்டுமே பயன்படுத்துவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத்தான். குறைந்த சக்தியில் இயங்கும் கருவிகள் லைசென்ஸ் இல்லாமல் இந்த அலைவரிசையைப் பயன்படுத்த, இந்தியாவில் 2005-ல் விதிகள் வகுக்கப்பட்டன. அதனால் வைஃபை, ப்ளூடூத் ஹெட்செட், மவுஸ், கீபோர்டு எல்லாமே இங்குதான் குடியிருக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து கசியும் அலையும் இதே பக்கம்தான். தேர்த் திருவிழா கூட்டத்தில் ஒருவரை ஒருவர் கூப்பிடுவது மாதிரி நிலைமை.

ஆக, கோளாறு வரக்கூடிய இடங்கள்: பேட்டரி, ரேடியோ இணைப்பு, மேற்பரப்பு, சென்சார், பட்டன், கம்ப்யூட்டர் செட்டிங். இவற்றில் மேற்பரப்பும் கம்ப்யூட்டர் செட்டிங்கும் மவுஸுக்கு வெளியே இருப்பவை.

போன்தான் உங்கள் டெஸ்டர்

சோதனையைத் தொடங்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: கோளாறு மவுஸிலா, கம்ப்யூட்டரிலா?

இதற்கு உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனே போதும். ஓடிஜி அடாப்டர் ஒன்றை போனின் சார்ஜிங் போர்ட்டில் செருகி, அதில் மவுஸ் ரிசீவரைச் செருகுங்கள். சில போன்களில் செட்டிங்ஸில் ஓடிஜி என்பதை ஆன் செய்ய வேண்டியிருக்கும். மவுஸை அசைத்தால் போன் திரையில் அம்புக்குறி தோன்றும். ப்ளூடூத் மவுஸ் என்றால், போனின் ப்ளூடூத் பட்டியலில் இருந்தே இணைத்துப் பார்க்கலாம்.

போனில் மவுஸ் ஒழுங்காக ஓடினால், மவுஸும் ரிசீவரும் நன்றாகத்தான் இருக்கின்றன, கம்ப்யூட்டரையோ அதன் சுற்றுப்புறத்தையோ பாருங்கள். போனிலும் ஓடவில்லை என்றால் மவுஸ், பேட்டரி அல்லது ரிசீவரில் பிரச்சினை. அரை நாள் குழப்பத்தை அரை நிமிடத்தில் தீர்க்கும் சோதனை இது.

இன்னொன்றையும் கவனியுங்கள். டச்பேடில் நகர்த்தினாலும் அம்புக்குறி தடுமாறுகிறதா? அப்படியானால் மவுஸைக் குறை சொல்லிப் பயனில்லை. ஏகப்பட்ட டேப்களைத் திறந்துவைத்து கம்ப்யூட்டர் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கலாம்.

1. பேட்டரி: கடிகாரம் ஓடுதே, மவுஸ் ஏன் ஓடல?

முதலில் மவுஸைத் திருப்பிப் போட்டு, அடியில் உள்ள ஆன்-ஆஃப் சுவிட்சைப் பாருங்கள். பைக்குள் போட்டு எடுக்கும்போது அது தானாக ஆஃப் ஆகியிருப்பது ரொம்ப சகஜம்.

அடுத்து பேட்டரி. "நேத்து வரைக்கும் சுவர்க்கடிகாரத்துல ஓடின செல்தானே" என்று அதைக் கழற்றி மவுஸில் போடுபவர்கள் உண்டு. இது சரியான சோதனை அல்ல. சுவர்க்கடிகாரம் மிக மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும். மவுஸுக்கு விளக்கும் எரிய வேண்டும், சென்சாரும் ஓட வேண்டும், ரேடியோவும் பேச வேண்டும். மவுஸில் தீர்ந்துபோன செல், கடிகாரத்தில் மாதக்கணக்கில் ஓடலாம். எனவே மவுஸில் கழற்றியதைக் கடிகாரத்தில் போடுங்கள், அங்கே கழற்றியதை இங்கே போடாதீர்கள்.

பேட்டரி குறையும்போது மவுஸ் சட்டென்று நிற்காது. முதலில் ரேடியோ எட்டும் தூரம் குறையும், அம்புக்குறி தத்தித் தத்தி நகரும், பிறகுதான் நிற்கும். "தட்டினால் ஓடுது" என்பதற்குக் காரணம், பல நேரம் செல்லும் உலோக முனையும் சரியாக ஒட்டாததுதான். தட்டும்போது செல் நகர்ந்து தொடுகிறது. முனையை லேசாக வெளியே இழுத்துவிட்டால் போதும்.

முனையில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால், செல் கசிந்திருக்கிறது என்று பொருள். பழைய செல்லைத் தொட்ட கையைக் கண்ணில் வைக்காதீர்கள். அல்கலைன் செல் என்றால், காது குடையும் பட்ஸில் ஒரு சொட்டு வினிகர் தொட்டு அந்த இடத்தை மட்டும் துடைத்து, ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு புது செல் போடலாம். ஒரு மாதத்துக்கு மேல் மவுஸைத் தொடப்போவதில்லை என்றால் செல்லைக் கழற்றிவைப்பது நல்லது. இரண்டு செல் போடும் மவுஸில் பழையதும் புதியதும் கலந்து போட வேண்டாம்.

சிவப்பு விளக்கு எரியவில்லை என்பதாலேயே மவுஸ் செத்துவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. பேட்டரி மிச்சமாக, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் இயங்கும் மவுஸ்கள் நிறைய இருக்கின்றன. போன் கேமராவை ஆன் செய்து மவுஸின் அடிப்பகுதியைக் காட்டினால், சில போன்களில் அந்த ஒளி மங்கலான ஊதாப் புள்ளியாகத் தெரியும். முன் கேமராவில் தெரிய வாய்ப்பு அதிகம்.

2. ரிசீவர்: இடம் மாத்தினா எல்லாம் மாறும்

ஹார்ட் டிஸ்க் செருகினால் தடுமாறும் மவுஸ் ஞாபகம் இருக்கிறதா? அதற்கான காரணத்தை 2012-ல் இன்டெல் நிறுவனமே ஒரு தொழில்நுட்ப அறிக்கையில் விளக்கியது. யுஎஸ்பி 3.0 கருவிகள் தகவலை அதிவேகத்தில் அனுப்பும்போது, 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் ரேடியோ இரைச்சல் கசிகிறது. ஹார்ட் டிஸ்க், அதன் கேபிள், செருகும் போர்ட் எல்லாமே இந்த இரைச்சலை உண்டாக்கலாம். பக்கத்து போர்ட்டில் மவுஸ் ரிசீவர் இருந்தால், அதன் காதருகே யாரோ மிக்ஸி ஓட்டுவது மாதிரிதான்.

தீர்வு ரொம்ப எளிது. ரிசீவரையும் ஹார்ட் டிஸ்க்கையும் லேப்டாப்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் செருகுங்கள். கறுப்பு நிற யுஎஸ்பி 2.0 போர்ட் இருந்தால் ரிசீவரை அதில் போடுங்கள். பல கம்ப்யூட்டர்களில் யுஎஸ்பி 3.0 போர்ட்டின் உட்பக்கம் நீலமாக இருக்கும், ஆனால் எல்லாவற்றிலும் அப்படி இருக்காது. இடமே இல்லை என்றால், ஒரு சின்ன யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, ரிசீவரை மவுஸுக்கு அருகில் கொண்டுவந்துவிடுங்கள்.

அந்த சத்திரப்பட்டி அலுவலகக் காட்சியிலும் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். இரும்பு மேஜை, அடியில் சிபியு, சிபியுவின் பின்பக்கம் சுவரைப் பார்த்தபடி ரிசீவர். மவுஸ் மேஜைக்கு மேலே. ரேடியோ அலை, இரும்புத் தகட்டையும் சிபியுவின் இரும்புப் பெட்டியையும் சுற்றித்தான் ரிசீவரை அடைய வேண்டும். ரிசீவரைச் சிபியுவின் முன்பக்க போர்ட்டுக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வைஃபை ரவுட்டர் மேஜை மேலேயே இருந்தால் கொஞ்சம் தள்ளிவையுங்கள். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால் லேப்டாப்பை அதில் இணையுங்கள். 2.4-ல் ஒரு ஆள் கூட்டம் குறையும்.

3. கண்ணாடி மேல் மவுஸ் ஏன் வழுக்குது?

மவுஸ் ஒரு கேமரா என்று பார்த்தோம். அந்தக் கேமராவுக்குப் படம் எடுக்க ஏதாவது வேண்டும். மரம், துணி, காகிதம் எல்லாவற்றிலும் நுண்ணிய சொரசொரப்பு இருக்கிறது. சுத்தமான கண்ணாடியில் ஒன்றுமே இல்லை. ஒளி நேராக உள்ளே போய்விடுகிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் வித்தியாசம் தெரியாததால், மவுஸ் 'நான் நகரவே இல்லை' என்று முடிவு செய்கிறது. பளபளக்கும் கிரானைட், கண்ணாடி போல மின்னும் லேமினேட் மேஜைகளிலும் இதே சிக்கல் வரலாம்.

இனிப்புக் கடை ஷோகேஸுக்கு ஒரு சாதாரண மவுஸ் பேட் போதும். அவசரத்துக்கு ஒரு நோட்டு அட்டை, வெள்ளைத் தாள், பழைய கல்யாணப் பத்திரிகையின் பளபளப்பில்லாத பக்கம் எதுவும் ஓகே.

கண்ணாடி மேலேயே ஓடும் மவுஸ்களும் இருக்கின்றன. 2009-ல் லாஜிடெக் 'டார்க்ஃபீல்ட்' என்ற சென்சாரை அறிமுகப்படுத்தியது. கண்ணாடியின் மேல் உள்ள நுண்ணிய கீறலையும் தூசியையும் அது படம் பிடிக்கும், கண்ணாடி குறைந்தது 4 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். ஆனால் அந்த மவுஸின் விலையில் மவுஸ் பேடை டஜன் கணக்கில் வாங்கலாம்.

4. பஞ்சு மில் ஊரில் ஒரு ஸ்பெஷல் பிரச்சினை

ராஜபாளையம் நூற்பாலை ஊர். சுற்றுவட்டாரம் பேண்டேஜ் துணிக்குப் பெயர் பெற்றது. பஞ்சு இருக்கும் இடத்தில் காற்றில் நுண்ணிய இழைகளும் இருக்கும். மவுஸின் அடியில் உள்ள சென்சார் துளைக்குள் ஒரே ஒரு இழை மாட்டிக்கொண்டால் போதும். சென்சாருக்கு அது கண்ணில் விழுந்த முடி மாதிரி. அம்புக்குறி திடீரென்று ஒரு மூலைக்குத் தாவும், அல்லது கையை எடுத்த பிறகும் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

மவுஸை ஆஃப் செய்து, திருப்பிப் போட்டு, துளையை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். இழை தெரிந்தால் உலர்ந்த பட்ஸாலோ, மென்மையான பிரஷ்ஷாலோ மெதுவாக எடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் லென்ஸில் படியும். ஊசி, பின் எதையும் உள்ளே விடாதீர்கள். அழுக்கு ஒட்டிக்கொண்டிருந்தால், ஐசோப்ரொபைல் ஆல்கஹால் லேசாகத் தொட்ட பட்ஸ் போதும். மவுஸின் அடியில் ஒட்டியிருக்கும் வழுவழுப்பான பட்டைகளையும் துடைத்துவிடுங்கள். அங்கே சேரும் அழுக்கு மவுஸைத் தூக்கிப் பிடித்தால், சென்சாருக்கும் மேஜைக்கும் உள்ள தூரம் கூடிவிடும்.

இந்த வேலை பஞ்சு மில்லுக்கு மட்டுமல்ல, டெய்லர் கடை, ஜவுளிக் கடை, பூனை வளர்க்கும் வீடு எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

5. செட்டிங்கில் ஒளிந்திருக்கும் கோளாறு

அம்புக்குறி திடீரென்று பேய் வேகத்தில் ஓடுகிறதா? ஸ்க்ரோல் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள சின்ன பட்டன் கைபட்டு அழுந்தியிருக்கலாம். அது டிபிஐ பட்டன். மவுஸின் வேகத்தை மாற்றுவது. ஓரிரு முறை அழுத்தினால் பழையபடி வந்துவிடும்.

மூன்று கருவிகளோடு இணையக்கூடிய மவுஸ்களின் அடியில் 1, 2, 3 என்று எண்கள் இருக்கும். லேப்டாப் 1-ல் இருக்க, மவுஸ் 2-க்கு மாறிவிட்டால் மவுஸ் செத்த மாதிரிதான் தெரியும். அதையும் பாருங்கள்.

கொஞ்ச நேரம் தொடாமல் இருந்தால் மவுஸ் தூங்கிப்போகிறது, திரும்ப எழ நேரம் எடுக்கிறது என்றால், விண்டோஸ் மின்சாரத்தை மிச்சப்படுத்த யுஎஸ்பி போர்ட்டை அணைத்துவைத்திருக்கலாம். விண்டோஸ் கீயை அழுத்தி 'டிவைஸ் மேனேஜர்' என்று டைப் செய்து திறங்கள். 'யுனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ்' என்பதற்குள் 'யுஎஸ்பி ரூட் ஹப்' இருக்கும். அதன் 'ப்ராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'பவர் மேனேஜ்மென்ட்' என்ற டேப் இருந்தால், மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற வரியில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள்.

ப்ளூடூத் மவுஸ் இணைய மறுத்தால், சும்மா ஆஃப் செய்து ஆன் செய்வதைவிட, பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டுப் புதிதாக இணைப்பது பலன் தரும். மவுஸின் இணைப்பு பட்டனை விளக்கு வேகமாக மினுக்கும் வரை அழுத்திப் பிடியுங்கள். பழைய போனோ, ஆபீஸ் லேப்டாப்போ பக்கத்தில் இருந்து மவுஸைத் 'தட்டிப் பறிக்கிறதா' என்றும் பாருங்கள்.

6. ஒரு கிளிக் கொடுத்தா ரெண்டு விழுதே!

இதுதான் உண்மையிலேயே மவுஸுக்குள் வரும் நோய். பட்டனுக்கு அடியில் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கிறது. அதற்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று, ஒவ்வொரு கிளிக்குக்கும் வளைந்து தொடும். காலப்போக்கில் அந்தத் தகடு தளர்ந்துபோகும், தொடும் முனை தேய்ந்து கறுத்துப்போகும். ஒரு முறை அழுத்தினால் தகடு துள்ளி இரண்டு முறை தொடும். அதைக் கம்ப்யூட்டர் டபுள் கிளிக் என்று எடுத்துக்கொள்ளும்.

அறிகுறிகள் தெளிவாக இருக்கும். ஒரு ஃபோல்டரைத் தேர்வு செய்ய நினைத்தால் திறந்தே விடும். ஒரு ஃபைலை இழுத்துப் போகும்போது பாதி வழியில் நழுவி, வேறு ஃபோல்டரில் விழுந்துவிடும். கணக்கு எழுதும் இடத்தில் இது சும்மா எரிச்சலோடு முடிவதில்லை. எந்த ஃபைல் எங்கே போனது என்று தேடவேண்டி வரும். 'டிலீட்' பட்டனில் இரண்டு விழுந்தால் இரண்டு வரி போகும். அப்படி ஏதாவது நடந்தால், உடனே 'கன்ட்ரோல்' மற்றும் 'இசட்' அழுத்திப் பின்வாங்குங்கள்.

டபுள் கிளிக் வேகத்தை செட்டிங்கில் மாற்றினால் இது சரியாகாது. தகடு துள்ளுவது அதைவிட வேகமாக நடப்பது. வாரன்டி இருந்தால் மாற்றித் தரக் கேளுங்கள். இல்லாவிட்டால், சால்டரிங் தெரிந்த சர்வீஸ் கடையில் சுவிட்சை மட்டும் மாற்ற முடியும். விலை குறைந்த மவுஸுக்கு அந்தக் கூலி கட்டுப்படியாகாது, நல்ல மவுஸுக்கு நிச்சயம் கட்டுப்படியாகும். தற்காலிகமாக, இடது, வலது பட்டன்களை செட்டிங்கில் இடம் மாற்றி, அதிகம் தேயாத வலது பட்டனைக் கொண்டு வேலையை ஓட்டலாம்.

எப்போதான் புதுசு வாங்கணும்?

ரிசீவர் தொலைந்துவிட்டால் யோசிக்க வேண்டியதுதான். பெரும்பாலான குறைந்த விலை மவுஸ்களில், மவுஸும் ரிசீவரும் தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்க்கப்பட்டவை. அதே மாடலின் வேறு ரிசீவரைச் செருகினாலும் வேலை செய்யாது. சில நிறுவனங்களின் சில மாடல்களில் மட்டும் புது ரிசீவர் வாங்கி, அவர்களின் சாஃப்ட்வேர் மூலம் மீண்டும் ஜோடி சேர்க்கலாம். பயணம் போகும்போது ரிசீவரை லேப்டாப்பிலேயே விட்டுவிடாமல், மவுஸின் பேட்டரி அறைக்குள் அதற்கென்று இருக்கும் இடத்தில் வைப்பது இதனால்தான் முக்கியம்.

புது மவுஸ் வாங்கும்போது, ரிசீவர், ப்ளூடூத் இரண்டிலும் ஓடும் மாடலைப் பார்க்கலாம். ஒன்று மக்கர் செய்தாலும் மற்றது கைகொடுக்கும். பாதுகாப்பையும் மறக்க வேண்டாம். 2016-ல் பாஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனம் 'மவுஸ்ஜாக்' என்ற ஓட்டையை வெளியிட்டது. ப்ளூடூத் அல்லாத பல வயர்லெஸ் மவுஸ் ரிசீவர்களுக்கு, தூரத்திலிருந்து வேறொருவர் கீபோர்டு தட்டுவது போலக் கட்டளை அனுப்ப முடியும் என்பதுதான் அது. அதன் பிறகு சில நிறுவனங்கள் அப்டேட் கொடுத்தன. பத்து வருடப் பழைய ரிசீவரில் அலுவலகக் கணக்கு வேலை பார்ப்பவர்கள், நிறுவனத்தின் இணையதளத்தில் அப்டேட் இருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஒரு நிமிட செக்-லிஸ்ட்

• அடியில் உள்ள சுவிட்ச் ஆனில் இருக்கிறதா? எண் மாறியிருக்கிறதா?

• புது பேட்டரி போட்டாயிற்றா? முனை சுத்தமா?

• போனில் இணைத்தால் ஓடுகிறதா?

• ரிசீவரை வேறு போர்ட்டுக்கு, மவுஸுக்கு அருகில், ஹார்ட் டிஸ்க்குக்குத் தள்ளி மாற்றிப் பார்த்தாயிற்றா?

• ஒரு வெள்ளைத் தாளின் மேல் ஓடுகிறதா?

• சென்சார் துளையில் இழை, தூசி இருக்கிறதா?

• கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தாயிற்றா?

இந்த ஏழுக்கும் பிறகும் ஓடவில்லை என்றால்தான் மவுஸ் போய்விட்டது என்று அர்த்தம். அப்போதும் அதையும் பழைய செல்லையும் வீட்டுக் குப்பையோடு போடாதீர்கள். மின்னணுக் கழிவுக்கும் பேட்டரிக் கழிவுக்கும் 2022-ல் தனித்தனி விதிகள் வந்துவிட்டன. கழிவைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு இருக்கிறது. வாங்கிய கடையிலோ, நிறுவனத்தின் இணையதளத்திலோ எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள்.

அடுத்த மாதமும் 20-ஆம் தேதி வரத்தான் போகிறது. டிராயரில் ஒரு ஜோடி புது செல்லும், ஒரு பழைய வயர் மவுஸும் கிடக்கட்டும். வயர் மவுஸுக்கு பேட்டரியும் வேண்டாம், ரிசீவரும் வேண்டாம். செருகினால் போதும், ஓடும்.